பொன்னாடையும் தண்ணீர் கேனும்

குரு என்றதும் யாரும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் குருவுக்கு வயது முப்பத்திரண்டு. பெயர் ஷெர்லின். முப்பந்தலில் ஒரு காற்றாலைக் கம்பெனியில் என்ஜினியர். சீடர் வெயிலுமுத்துவுக்கு வயது ஐம்பத்தாறு. கோவில்பட்டியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். இருவரும் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்தபோது சீடர் பள்ளத்தில் கிடந்தார்.

ஆனி மாதம். மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று அந்த மாதத்தில் ஆளைத் தள்ளும், பேசினால் பேச்சையும் பிடுங்கிக்கொண்டு போகும். அதற்கு நேர் எதிரே நாகர்கோவிலைப் பார்த்து வெயிலுமுத்து சைக்கிள் மிதித்து வந்தார். மிதித்து வந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. காவல்கிணறு தாண்டியதிலிருந்து பாதி நேரம் தள்ளிக்கொண்டுதான் வந்தார்.

பள்ளத்தில் அவர் மேல் சைக்கிள் கிடந்தது. சைக்கிள் மேல் ஒரு போர்டு கிடந்தது. கேரியரில் நிற்க வைத்துக் கட்டிய ஆள் உயர மரச்சட்டம், அதில் இழுத்து அடித்த ஃப்ளெக்ஸ். அவருடைய கடைத்தெரு வியாபாரிகள் சங்கத்துத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் அதில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ‘உறுப்பு தானம் செய்வோம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே ஓரத்தில், உள்ளங்கை அளவில், ஒரு பெண்ணின் முகம்.

வேலை முடிந்து தோவாளையிலுள்ள தன் வீட்டுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஷெர்லின் இறங்கினாள். முதலில் போர்டைத் தூக்கினாள், அப்புறம் சைக்கிளை, அப்புறம் ஆளை.

“அடி பட்டிருக்கா அண்ணாச்சி?”

“இல்ல தாயி. விழுந்து விழுந்து பழகிருச்சு.”

அவர் தோளில் ஜரிகை போட்ட பொன்னாடை ஒன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. அது காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் ஜவுளிக்கடைக் கட்டைப்பைகள் உப்பிக்கொண்டு தொங்கின.

“பையில என்ன வச்சிருக்கிய?”

“பொன்னாடைதான். ஊருக்கு ஊர் சங்கத்துக்காரங்க நிறுத்திப் போடுறாங்க. வேண்டாம்னு சொன்னா சங்கடப்படுவாங்கல்லா.”

“தோள்ல இருக்கது?”

“அது பணகுடியில போட்டது. அடுத்த ஊர்ல போட்டோ எடுக்கயில தோள் வெறுமனே இருக்கப்படாதுன்னு செயலாளர் சொல்லி அனுப்பியிருக்காரு.”

ஷெர்லின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்தால் மனிதர் உடைந்துபோவார் என்று தோன்றியது.

முப்பந்தல் கோயிலுக்குப் பக்கத்தில் மாடக்கண்ணுவின் டீக்கடை இருந்தது. அதுவரைக்கும் அவருடைய வண்டியை அவள் தள்ளினாள், அவளுடையதை அவர் தள்ளினார். அவளுடையது மெலிந்த வண்டி. சீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். ஒரு கையால் தள்ளினாலே காற்றுக்குள் சும்மா போனது.

“இது என்ன தாயி, இதைக் காத்து கண்டுக்கவே மாட்டேங்கு?”

“அதே காத்துதான் அண்ணாச்சி. வாங்க, உக்காந்து பேசலாம்.”

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் தன் கதையைச் சொன்னார். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் வருஷக்கணக்கில் டயாலிசிஸில் இருந்தவர். அந்த நாட்களில் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. சிறுநீர் என்பதே மறந்துபோன விஷயம். நாகர்கோவில் வடசேரியில் வாழ்க்கைப்பட்ட தங்கை சொர்ணம்தான் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். போர்டின் ஓரத்தில் இருந்தது அவள் முகம்.

“ஆபரேஷன் முடிஞ்சு மயக்கம் தெளிஞ்சதும் அவ கேட்ட முத வார்த்தை என்ன தெரியுமா? ‘அண்ணன் ஒண்ணுக்குப் போனானா?’ அதான். பை நிறைஞ்சிருச்சும்மான்னு நர்ஸு சொல்லியிருக்கா. அதைக் கேட்டு அழுதாளாம். அவளுக்கு வலிச்சதுக்கு அழல.”

சொல்லும்போது அவருக்கும் கண் கலங்கியது. காற்றின் மேல் பழியைப் போட்டுத் துடைத்துக்கொண்டார்.

“அவ மாப்பிள்ளை நல்ல மனுசன். அவரோட கூடப்பிறந்த மூத்தவருக்குத்தான் இது பிடிக்கல. ஒரு கல்யாண வீட்டுல அத்தனை பேரையும் வச்சுக்கிட்டு, ‘கட்டில்ல கிடக்கவனுக்கு அறுத்துக் குடுத்துட்டு வந்திருக்கா, அங்கயும் வீண், இங்கயும் வீண்’னாரு. சொர்ணம் தலையைக் குனிஞ்சுக்கிட்டா.”

“நீங்க?”

“எனக்குப் பேச வாயில்ல தாயி. கேட்டுக்கிட்டு வந்தேன். நாளைக்குக் காலையில அவ மகளுக்கு நிச்சயதார்த்தம். அத்தனை பேரும் அங்க இருப்பாங்க. தாய்மாமன் நான்தான் தட்டை எடுத்துக் குடுக்கணும். டாக்டர்கிட்ட கேட்டு, ஒரு வருஷம் பழகித்தான் கெளம்பினேன். என் கால்ல மிதிச்சு அந்த வாசல்ல போய் இறங்கணும். இன்னைக்கு ராத்திரிக்குள்ள.”

டீ குடித்துக்கொண்டிருந்த லோடு ஆட்டோக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை.

“நான் வடசேரிதான் போறேன் அண்ணாச்சி. வண்டியைத் தூக்கிப் பின்னால போடுங்க. தெருமுனையில இறக்கி விட்டுருதேன், அங்கயிருந்து மிதிச்சுக்கிட்டுப் போங்க. யாரு கண்டா?”

வெயிலுமுத்து தன் அடிவயிற்றின் வலது பக்கத்தைத் தொட்டார். சொர்ணம் கொடுத்ததை அங்கேதான் வைத்துத் தைத்திருந்தார்கள்.

“இது கண்டுக்கிடுமே தம்பி.”

ஆட்டோக்காரர் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஷெர்லின் வெயிலுமுத்துவின் சைக்கிளைப் பார்த்தாள். அதில் மாட்டியிருந்த தண்ணீர் பாட்டில் இரண்டும் காலியாக இருந்தன.

“தண்ணி எங்க அண்ணாச்சி?”

“காவல்கிணறுல ஊத்திட்டேன். பாரம் குறையட்டுமேன்னு. பம்பு, ஸ்பேனர் எல்லாத்தையும் ஒரு கடையில குடுத்துட்டேன்.”

“அப்பயிருந்து குடிக்கவே இல்லையா?”

“குடிச்சா ஒண்ணுக்கு எறங்கணும்லா. இந்தப் போர்டோட வண்டியை எங்க நிறுத்த? ஸ்டாண்டு போட்டாலும் சாஞ்சிருது.”

ஷெர்லினுக்குக் கோபம் வந்தது. முகம் சிவக்கிற அளவுக்கு நிஜமான கோபம்.

“உங்க தங்கச்சி குடுத்ததுக்குத் தண்ணி இல்ல. செயலாளருக்குத் தோள் வெறுமனே இருக்கப்படாது. நல்லா இருக்கு அண்ணாச்சி, நல்லா இருக்கு!”

மாடக்கண்ணு கேட்காமலே ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வெயிலுமுத்து கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்கும் மட்டும் அவள் அவர் பக்கத்திலேயே நின்றாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் எழுந்து கும்பிட்டார்.

“இனி நீங்கதான் எனக்குக் குரு. பாரத்தை எப்படிக் குறைக்கதுன்னு சொல்லிக் குடுங்க.”

“குருவும் வேண்டாம் கும்பிடும் வேண்டாம். முதல்ல எது பாரம்னு பாப்போம்.”

கடையிலிருந்து ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை வாங்கினாள். முழுக்க நிறைந்த கேன். அதை அவர் வலது கையில் கொடுத்தாள். தோளிலிருந்த பொன்னாடையை அவிழ்த்து, அதன் இரண்டு முனையை இடது கையில் கொடுத்தாள்.

“ரோட்டோரமாப் போய் காத்தைப் பாத்து நில்லுங்க. கையை இறக்கப்படாது.”

வெயிலுமுத்து போய் நின்றார். இந்த அம்மாள் நம்மை வைத்து விளையாடுகிறாளோ என்று ஒரு சந்தேகம் வந்தது. ஆனாலும் நின்றார். ஷெர்லின் பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தாள். வலது கையில் கேன் அசையாமல் தொங்கியது. இடது கையில் பொன்னாடை கப்பல் பாய்போல உப்பி விரிந்து, தோள்பட்டை கழன்றுவிடும்போல இழுத்தது.

“எந்தக் கை வலிக்கு அண்ணாச்சி?”

“இடது.”

“அதுல என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல, வெறும் துணி…”

சொன்னவர் நிறுத்திக்கொண்டார். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே திரும்பக் கேட்டதுபோல நின்றார். அந்த நேரம் பார்த்துப் பிடி நழுவியது. ஜரிகை பளபளக்கப் பொன்னாடை கிழக்கே பறந்தது.

“ஐயோ, பணகுடி போச்சே!”

மாடக்கண்ணு சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார். ஷெர்லின் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்:

“மேடு ஏறயில எடை இழுக்கும். இங்க மேடு இல்ல. காத்து எடை பாக்காது அண்ணாச்சி, அகலந்தான் பாக்கும்.”

அவர் வலது கையிலிருந்த கேனைப் பார்த்தார். பிறகு காலி பாட்டில்களை எடுத்து, தானே அதிலிருந்து நிரப்பினார்.

பைகள் இறங்கின. கயத்தாறு, நாங்குநேரி, வள்ளியூர் என்று பொன்னாடைகள் ஒவ்வொன்றாக பெஞ்சில் குவிந்தன. அடியில் பிளாஸ்டிக் உறையில் ஒரு கனமான பொட்டலம் இருந்தது.

“இது?”

“பிள்ளைக்குப் பட்டு. தாய்மாமன் சீர்.”

“இது வரணும்” என்றாள் ஷெர்லின்.

அதை நீளவாக்கில் சுருட்டி, சீட்டுக்குப் பின்னால் அவர் முதுகு மறைக்கிற இடத்தில் வைத்து, கடையில் கிடந்த பழைய சைக்கிள் டியூபை வார் வாராகக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். அவர் போட்டிருந்த சட்டை இன்னொரு ஆளும் உள்ளே நுழையலாம் என்கிற அளவில் இருந்தது. சட்டைக் கை அடங்கும்படி மணிக்கட்டில் டியூப் வாரைச் சுற்றினாள். கயத்தாறுப் பொன்னாடையை எடுத்து நான்காக மடித்து, சட்டைக்கு மேல் இடுப்பிலிருந்து நெஞ்சுவரை சுற்றச் சொல்லிக் கடைசி முனையைச் செருகச் சொன்னாள். படபடப்பு நின்றது.

“பொன்னாடை இல்லாம இருக்கப்படாதுன்னு செயலாளர் சொன்னாருல்லா?”

வெயிலுமுத்து அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். அவள் கை போர்டின் கயிற்றுக்குப் போனதும் சிரிப்பு நின்றது.

“அதை மட்டும் தொடாதீங்க தாயி.”

“ஏன்?”

“அது இல்லாமப் போனா, பஸ்ஸுல வந்து தெருமுனையில சைக்கிள் ஏறுனான்னு சொல்லுவாரு அந்த மூத்தவரு. அப்புறம் நான் மிதிச்சது எதுக்கு? சங்கத்துக்காரங்களும் நம்பி அனுப்பியிருக்காங்க.”

“சரி, போங்க” என்றாள் ஷெர்லின்.

வாதாடுவாள் என்று எதிர்பார்த்தவருக்கு அது என்னவோ போல் இருந்தது. இருந்தாலும் ஏறி மிதித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். முன்னைவிட வண்டி நகர்ந்தது. சின்னப் பாலம் வரைக்கும் போனார். எதிரே வந்த லாரி கிளப்பிய காற்று போர்டைத் தட்டியது. வண்டி சுழன்று விழுந்தது. முழங்கால் சிராய்த்தது. எழுந்து, போர்டை நிமிர்த்தி, மறுபடி ஏறினார். மறுபடி விழுந்தார். ஷெர்லின் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தாள். கை கொடுக்கவில்லை.

அடுத்த தடவை அவர் ஏறவில்லை. பாலத்துச் சுவரில் உட்கார்ந்து முழங்காலை ஊதிக்கொண்டே மேலே பார்த்தார். வரிசையாகக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்று மட்டும் சும்மா நின்றது.

“அது ஏன் நிக்கு?”

“அதுல ஒரு சாமான் போயிருச்சு. நாளைக்குத்தான் வரும். அதுவரைக்கும் ரெக்கையைத் திருப்பி, ஓரத்தைக் காட்டி நிறுத்தி வச்சிருக்கேன்.”

“இந்தக் காத்து அதை ஒண்ணும் செய்யாதா?”

“அது பாட்டுக்கு நிக்கும், காத்து அது பாட்டுக்குப் போகும்.”

“அப்ப சுத்துறதெல்லாம்?”

“அதுக்குக் காத்தைப் பிடிக்கணும் அண்ணாச்சி. அதனால முகத்தைக் காட்டிக்கிட்டு நிக்கு. உங்களுக்கு என்ன செய்யணும்?”

“வடசேரி போகணும்.”

வெயிலுமுத்து வெகுநேரம் அந்த நின்ற காற்றாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அவர் எழுந்து, போர்டைத் தானே அவிழ்த்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, காற்று தள்ளத் தள்ள டீக்கடைக்குத் திரும்பி நடந்தார். ஷெர்லின் இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“மாடக்கண்ணு, கத்திரிக்கோல் இருக்குமா?”

பால் கவர் வெட்டுகிற கத்திரிக்கோல் இருந்தது. அதை வைத்து சொர்ணத்தின் முகத்தை மட்டும் சுற்றிவர வெட்டி எடுத்தார். அவள் நெற்றிப் பொட்டு வெட்டுப்பட்டுவிடக் கூடாதே என்று மெதுவாக வெட்டினார். வெட்டியதைச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே பொன்னாடையை இழுத்து இறுக்கினார்.

“மிச்சத்தை நான் வச்சுக்கிடவா அண்ணாச்சி?” என்று மாடக்கண்ணு கேட்டார்.

“எதுக்கு?”

மாடக்கண்ணு போர்டைத் தூக்கி அடுப்புக்கு மேற்கே நிறுத்திக் கட்டினார். அந்தக் காற்றுக் காலம் முழுக்கச் சாய்ந்தே எரிந்துகொண்டிருந்த அடுப்பு நிமிர்ந்து எரிந்தது. தலைவரும் செயலாளரும் பொருளாளரும் கணவாயைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்கள். அவர்களால் ஒரு மனிதருக்கு உபகாரம் நடந்ததை நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை.

இருவரும் கிளம்பினார்கள்.

“குனிங்க அண்ணாச்சி. முழங்கையை உள்ள வைங்க.”

“குனிஞ்சு போனா தோத்தவன் மாதிரி இருக்காதா?”

“யாரு பாக்கா இங்க?”

குனிந்தார். காற்று முதுகுக்கு மேலே போவது தெரிந்தது. அவள் முன்னால் போனாள். அவளுடைய பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே மிதிக்கச் சொன்னாள். அந்த மறைவில் கால் சொன்னபடி கேட்டது. ஆரல்வாய்மொழியில் இறங்கித் தண்ணீர் குடித்தார், மரத்துக்குப் பின்னால் போய் வந்தார். வண்டி ஸ்டாண்டில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. திரும்பி வந்தவர் ஏறியதும் அவளைத் தாண்டி முன்னால் போனார்.

“இப்ப நீங்க பின்னால வாங்க தாயி.”

“கஷ்டமா இருக்கும்.”

“இருக்கட்டும். இது நான் போக வேண்டிய வழி.”

காற்று நேராக முகத்தில் அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. வேகம் குறைந்தது. ஆனால் வண்டி நிற்கவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் ஏதோ முனகினார். ஏசினாரோ, சாமியைக் கும்பிட்டாரோ, பின்னால் வந்தவளுக்குக் கேட்கவில்லை. அவரை முந்த வேண்டும் என்று அவள் ஒருமுறையும் நினைக்கவில்லை. அந்த முதுகைப் பார்க்க அவளுக்குப் பெருமையாக இருந்தது.

தோவாளையில் காற்று பாதியாகக் குறைந்திருந்தது. பூச்சந்தை வாசலில் ஒரு வியாபாரி, இடுப்பில் ஜரிகையும் முழங்காலில் ரத்தமுமாக வந்து இறங்கிய மனிதரைப் பார்த்துவிட்டு ஒரு ரோஜா மாலையைத் தூக்கிக் காட்டினார்.

“அண்ணாச்சி, மாலை போடட்டா?”

“வேண்டாம்யா. காத்து பிடிக்கும்.”

ஷெர்லின் வீடு அங்கே பிரிகிற தெருவில் இருந்தது. அவள் பாட்டில்களை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். வெயிலுமுத்து முழங்காலைக் கழுவினார். வடசேரி பக்கத்தில் வந்துவிட்டது. பக்கத்தில் வர வர அவருக்குப் பழைய பயம் திரும்ப வந்தது.

“தாயி, கடைசியா ஒண்ணு கேக்கேன்.”

“கேளுங்க.”

“போர்டு இல்ல. கூட்டம் இல்ல. படம் சட்டைப் பைக்குள்ள இருக்கு. நான் பாட்டுக்கு ஒத்தையில போய் அந்த வாசல்ல நிக்கப் போறேன். கோவில்பட்டியிலயிருந்து மிதிச்சேன்னு யார் நம்புவா? அந்த மூத்தவரை விடுங்க. அவ குடுத்தது வீணாகலன்னு சொர்ணத்துக்கு எதைக் காட்டுவேன்?”

ஷெர்லின் நிரம்பிய பாட்டில் இரண்டையும் அவர் கையில் கொடுத்தாள்.

“போற வழியில இதைக் குடிச்சிருங்க. வாசல்ல இறங்கினதும் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க. தங்கச்சியைக் கூப்பிட்டு, ‘சொர்ணம், எனக்கு முதல்ல பாத்ரூம் போகணும்’னு மட்டும் சொல்லுங்க.”

வெயிலுமுத்து ஒரு பாட்டிலின் மூடியைத் திறந்து, சந்தை வாசலில் நின்றபடியே குடிக்க ஆரம்பித்தார்.